பேர் வெட்டிய தகடு

கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு தகடுகள் கிடந்தன. நான்கும் பார்க்க ஒரே மாதிரி. உள்ளங்கையில் அடங்கும் நீள்வட்டப் பித்தளை, நடுவில் 'யு.எஸ்.' என்று புடைத்த இரண்டு எழுத்து. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் சாதாரணச் சிப்பாய் இடுப்பில் கட்டிய பெல்ட்டின் முன்தகடு அது. மூன்றுக்கு ஆளுக்கு 200 டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தது. சுருட்டி வைத்த கறுப்புத் தோல் பட்டையோடு இருந்த நான்காவதுக்கு 900.

கெட்டிஸ்பர்க் ஊரில் அந்த மாதிரிக் கடைகள் நிறைய. நியூ ஜெர்சியிலிருந்து மூன்று மணி நேர டிரைவ். ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகரா, வாஷிங்டன், அப்புறம் இது என்று கூட்டிப்போய்க் காட்டுவது வழக்கம். நான் தனியாகவும் போவேன். "பட்டைக்காகவா இவ்வளவு விலை?" என்று கேட்டேன். கடைக்காரர் தகட்டை எடுத்துத் திருப்பி, சின்ன டார்ச் அடித்துக் காட்டினார். பின்பக்கம் முழுக்க ஈயம். அதில் கத்தி முனையால் கீறிய எழுத்துகள்: ஜே. எச்., கீழே கம்பெனி எழுத்து, அதற்கும் கீழே நியூயார்க் படைப்பிரிவு ஒன்றின் எண்.

"இவர் யாருன்னு தெரியும். கோல்ட் ஹார்பர்ல செத்துட்டார். 1864 ஜூன் 3."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது எங்கள் வீட்டுப் பித்தளை அண்டா. பாட்டி கல்யாணத்துக்கு வந்தது. கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாக அவள் அப்பாவின் இனிஷியலும் அவள் பெயரும் வெட்டியிருக்கும். பாத்திரக்கடையில் சாமான் வாங்கினால் முதலில் கேட்பதே "பேர் வெட்டணுமா?" என்றுதானே. அதே கை நடுக்கம், அதே கோணல் எழுத்து இந்த ஈயத்திலும் இருந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு, மனைவியிடம் சொல்லாமல், அடுத்த சனிக்கிழமை போய் வாங்கினேன்.

இந்தச் சேகரிப்பு உலகத்தில் ஒரு சொல் உண்டு: 'ஐடி'ட்'. இன்னாருடையது என்று ஆள் அடையாளம் தெரிந்த பொருள். தொப்பி, பெல்ட் தகடு, தோட்டாப் பெட்டி, பொத்தான், தோள்பட்டைச் சின்னம் எதுவானாலும் அதோடு ஒரு பெயர் சேர்ந்துவிட்டால் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பெயருக்குரியவர் போரில் செத்தவர் என்றால் இன்னும் மேலே. 'டக்', 'நான்-டக்' என்று இன்னொரு பிரிவினை. மண்ணைத் தோண்டி எடுத்ததா, தோண்டாமல் ஏதோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து வந்ததா என்று அர்த்தம். என் தகடு 'நான்-டக்'. இந்தச் சின்னத் தகவல் பிறகு பெரிதாகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் அந்த ஈயம் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1861-ல் போர் தொடங்கியபோது லட்சக்கணக்கான இடுப்புகளுக்கு ஒரே நேரத்தில் பெல்ட் வேண்டியிருந்தது. கனமான வார்ப்புப் பித்தளைக்குச் செலவு அதிகம். மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்து, பின்புறப் பள்ளத்தில் உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஈயம் இறுகும் முன்பே கொக்கிகளைப் பதித்துவிட்டார்கள். முன்னால் பளபளப்பு, பின்னால் கனம். சேகரிப்பாளர்கள் ஒரு வகைக் கொக்கியை 'நாய்க்குட்டிப் பாதம்' என்பார்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். ஈயம் மிருதுவானது, பேனாக்கத்தி போதும். கூடாரத்தில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பொழுது போக வேண்டாமா?

அவன் ஏன் பெயரைக் கீறினான் என்பதற்கு நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் விரும்புகிறோம்: செத்தால் அடையாளம் தெரியட்டும் என்று. அந்தப் பயம் பொய்யில்லை. அரசாங்கம் அந்தச் சிப்பாய்களுக்கு அடையாள வில்லை எதுவும் கொடுக்கவில்லை. 1862-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் கென்னடி என்பவர், ஒவ்வொரு சிப்பாய்க்கும் பெயர் பொறித்த வில்லை செய்து தருகிறேன் என்று போர்த்துறைக்கு எழுதினார். வேண்டாம் என்றுவிட்டார்கள். 1861-ன் ராணுவ விதிகள் சோற்றுப்பையின் மூடியில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கின்றன: படைப்பிரிவு, கம்பெனி, பிறகு சிப்பாயின் எண். எண் மட்டும்தான். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவனுக்கு இது உடனே புரியும். சிஸ்டத்துக்கு எண் போதும். பெயர் ஒரே பெயராய்ப் பலருக்கு இருக்கும், எழுத்துப் பிழை வரும், தொல்லை.

அதனால் பெயரை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். முகாம்களுக்குப் பின்னாலேயே வண்டி கட்டிக்கொண்டு வந்த 'சட்லர்' என்ற வியாபாரிகள் புகையிலை, பலகாரத்தோடு பித்தளை வில்லைகளும் விற்றார்கள். ஒரு பக்கம் கழுகு, 'வார் ஆஃப் 1861' என்ற எழுத்து, மறுபக்கம் வெற்றிடம். காசு கொடுத்தால் அங்கேயே எழுத்து அச்சுகளை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பெயரை இறக்கித் தருவார்கள். அப்படியே நம் பாத்திரக்கடை. காசில்லாதவர்களுக்குக் காகிதம் இருந்தது. கோல்ட் ஹார்பர் தாக்குதலுக்கு முந்தைய நாள் சிப்பாய்கள் கோட்டுகளைக் கழற்றித் தைத்துக்கொண்டிருந்ததையும், கிட்டப் போய்ப் பார்த்தால் பெயரும் ஊர் விலாசமும் எழுதிய துண்டுச் சீட்டுகளை முதுகில் குத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் கிரான்ட்டின் உதவியாளர் ஹோரஸ் போர்ட்டர் பிற்காலத்தில் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். முதுகில் ஏன் என்றால், குப்புற விழுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெயர் இல்லாமல் செத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கெட்டிஸ்பர்க்கே சாட்சி. 1863 ஜூலையில் மூன்று நாள் சண்டை. அவசர அவசரமாகப் புதைத்தவர்களை அக்டோபர் கடைசியிலிருந்து அடுத்த மார்ச் வரை தோண்டி எடுத்து தேசிய இடுகாட்டுக்கு மாற்றினார்கள். தோண்டிய வேலையைச் செய்தவர் பேசில் பிக்ஸ் என்ற கறுப்பினத்தவரும் அவர் கூட்டிவந்த ஆட்களும். மேற்பார்வை பார்த்த சாமுவேல் வீவர் ஒவ்வொரு உடலின் சட்டைப்பையையும் இரும்புக் கொக்கியால் துழாவி, கிடைத்ததைக் குறித்துக்கொண்டார். உடுப்பையும் உள்ளாடையையும் சட்டைப்பையில் இருந்ததையும் வைத்துத்தான் வடக்கா தெற்கா என்று தீர்மானித்தார். அந்த இடுகாட்டில் புதைக்கப்பட்ட சுமார் 3,500 வடக்கு வீரர்களில் 979 பேருக்குப் பெயர் இல்லை. சின்னச் சதுரக் கல், அதில் ஒரு எண். மறுபடியும் எண்.

தெற்கு வீரர்கள் இன்னும் எட்டு ஆண்டு வயலிலேயே கிடந்தார்கள். வீவரின் மகன் ரூஃபஸ் 1870-களின் தொடக்கத்தில் 3,300 பேருக்கு மேல் தோண்டி எடுத்துத் தெற்கே அனுப்பினார். பேசிய கூலி அவருக்குக் கடைசிவரை முழுசாக வந்து சேரவில்லை.

அந்த ஊரில் தெருவோரம் கிடந்த ஒரு வடக்குச் சிப்பாயின் கையில் மூன்று குழந்தைகளின் கண்ணாடிப் புகைப்படம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. அவருடைய படைப்பிரிவுக்கான வில்லை பிறை வடிவம், இரண்டாம் டிவிஷன் என்பதால் வெள்ளை. ஜெனரல் ஹூக்கர் அந்த வருஷம்தான் கோர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், டிவிஷனுக்கு ஒரு நிறம் என்று உத்தரவு போட்டிருந்தார். வட்டம், மூவிலை, வைரம், சிலுவை, பிறை, நட்சத்திரம். தளபதிகளுக்கு எந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைப் பிறை ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் என்று மட்டும் சொல்லும். பெயர் சொல்லாது. அந்தப் படம் ஜான் பௌர்ன்ஸ் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. பத்திரிகையில் படம் அச்சிட வழியில்லாத காலம். 1863 அக்டோபர் 19 அன்று ஃபிலடெல்ஃபியா பத்திரிகையில் குழந்தைகளின் உடையையும் அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்தையும் வார்த்தைகளில் விவரித்து, 'இவர் யாருடைய தந்தை?' என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. அது பத்திரிகைக்குப் பத்திரிகை பரவி, நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சின்ன ஊரில் ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண்ணின் கைக்குப் போனது. அந்தக் குழந்தைகள் அவளுடையவை. சார்ஜென்ட் அமோஸ் ஹியூமிஸ்டனுக்கு இன்று பெயரோடு கல் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஈயத்தைத் தடவினால் கண் கலங்காமல் என்ன செய்யும்? எனக்கும் கலங்கியது. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

"யாரு பேருடா வெட்டியிருக்கு?"

சொன்னேன். போர், சாவு, முதுகில் காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம அண்டாவுல பேரு வெட்டுனது பாட்டி சாவான்னா? பந்திக்குக் குடுத்தா மாறிப்போயிடும்னுதானே" என்றாள்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு கம்பெனிக்கு நூறு பேர். நூறு பேருக்கும் ஒரே தொப்பி, ஒரே பெல்ட், ஒரே தண்ணீர்க் குப்பி. காலையில் எழுந்தால் யாருடையது யாருடையது என்று தெரியாது. தொலைத்தால் சம்பளத்தில் பிடித்தம். பெயர் எழுத அதுவே போதுமான காரணம். 'இது என்னுடையது' என்று அவன் கீறியதை 'இது நான்' என்று நூற்றைம்பது வருஷம் கழித்து நாம் வாசிக்கிறோம். முடிவு தெரிந்த கதையைப் பின்னாலிருந்து படிக்கும் தவறு அது.

சரி, ஆளையாவது உறுதி செய்வோம் என்று இறங்கினேன். இந்த வேலை இப்போது முன்னைப்போல் கஷ்டமில்லை. தேசியப் பூங்காத் துறையின் இணையப் பட்டியலில் 63 லட்சம் சிப்பாய்ப் பதிவுகள் இருக்கின்றன. நியூயார்க் மாநிலம் போருக்குப் பிறகு ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் பெயர்ப்பட்டியலை அச்சிட்டிருக்கிறது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் பெயர்களை ஒன்றுவிடாமல் படித்தேன். கடைக்காரர் சொன்ன ஜே. எச். இருந்தார். கோல்ட் ஹார்பரில் ஜூன் 3 அன்று கொல்லப்பட்டார் என்று தெளிவாக இருந்தது.

ஆறு வரி தள்ளி இன்னொரு ஜே. எச். இருந்தார்.

அதே கம்பெனி. அவர் சாகவில்லை. 1865 கோடையில் மற்றவர்களோடு விடுவிக்கப்பட்டு வீட்டுக்குப் போனார். நூறு பேரில் இனிஷியல் ஒத்துப்போவது அதிசயமே இல்லை. ஜான், ஜேம்ஸ், ஜோசப், ஜேக்கப் என்று பாதிப் படையும் 'ஜே'தான். கடைக்காரருக்கும் அந்த இன்னொருவர் தெரியாமலிருக்க வாய்ப்பு குறைவு. பட்டியலைப் பார்த்து, இருவரில் செத்தவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சந்தை கேட்பது அவரைத்தானே.

இந்தச் சந்தைக்கே ஒரு வரலாறு உண்டு. போர் முடிந்த 1865-லேயே பேனர்மேன் என்ற குடும்பம் ராணுவ மிச்சச் சாமான்களை மலிவாக ஏலத்தில் எடுத்து விற்கத் தொடங்கியது. ஹட்சன் ஆற்றோர ரயிலில் போகிறவர்கள் தீவில் இடிந்து நிற்கும் ஒரு கோட்டையைப் பார்த்திருப்பீர்கள், அது அவர்களுடைய கிடங்குதான். அப்போது இதெல்லாம் எடைக்குப் போடும் சரக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணிவெடி தேடும் கருவிகளே மிச்சச் சாமானாக விற்பனைக்கு வந்தன. வர்ஜீனியாவின் வயல்களில் அதை வைத்துக்கொண்டு ஆட்கள் பொத்தானும் தகடும் தேடினார்கள். ஒரு போரின் மிச்சத்தை வைத்து இன்னொரு போரின் மிச்சத்தைத் தோண்டியது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த கோணல். இப்போது தேசியப் பூங்கா நிலத்தில் தோண்டினால் சிறை.

விலை ஏறியதும் போலிகள் வந்தன. தெற்கின் 'சி.எஸ்.' தகடுகளில்தான் போலி அதிகம், ஏனென்றால் அசலே குறைவு. பித்தளைக்குக் கூடப் பஞ்சம் இருந்த நாடு அது. அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட படையின் சின்னத்துக்கு வென்றவர்களுடையதைவிடப் பல மடங்கு விலை என்பதை முதன்முதலில் கண்காட்சி ஒன்றில் பார்த்தபோது எனக்கு வாயடைத்துப்போனது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மிகவும் மரியாதையான மனிதர், வெற்றிலைப்பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். அரிதானது விலை போகும், வேறு காரணமில்லை என்றார். முழு உண்மை அதுவாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

ஏனென்றால், அரிதுதான் காரணம் என்றால் எல்லா மேசையிலும் தேடப்பட வேண்டியவை கறுப்பினச் சிப்பாய்களின் பெயர் வெட்டிய பொருட்கள். சுமார் 1,79,000 பேர் வடக்குப் படையில் இருந்தார்கள். நான் போன நான்கு கண்காட்சிகளில் அவர்களில் ஒருவருடைய தகட்டைக்கூடப் பார்க்கவில்லை. காரணத்தைத் தேடினால் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடுப்புப் படி தனி. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதில் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சமமாக்கும் வரை கையில் வந்தது 7 டாலர். சட்லரிடம் வில்லை வாங்க எங்கே போவது? மாஸசூசெட்ஸ் 54-ஆம் பிரிவு அந்த ஏழு டாலரை வாங்கவே மாட்டோம் என்று மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் நின்றது. அப்படியே யாராவது பெயரைக் கீறியிருந்தாலும் எந்தப் பெயர்? பலர் முன்னாள் எஜமானின் குடும்பப் பெயரில் படையில் சேர்ந்து, விடுதலைக்குப் பின் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஓய்வூதியக் கோப்புகளில் அவர்களும் அவர்கள் மனைவியரும் 'அந்தப் பெயரும் நான்தான்' என்று சாட்சி வைத்து நிரூபித்திருக்கிறார்கள். இரண்டு இனிஷியலை வைத்துப் பட்டியலில் தேடினால் அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

என் ஜே. எச்.களுக்கு வருகிறேன். இருவருடைய பணிப்பதிவுகளுக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் பணம் கட்டி நகல் கேட்டேன். இதற்கிடையில் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "900 டாலருக்கு ஈயமா?" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நகல்கள் வர சில வாரம் ஆயிற்று. செத்தவருடையதில் மூன்றே மூன்று அட்டைகள். கோல்ட் ஹார்பரில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே விழுந்தவர்கள் ஜூன் 7 மாலைச் சண்டை நிறுத்தம் வரை வெயிலில் நான்கு நாள் கிடந்தார்கள். அந்த நிலையில் ஒருவர் இடுப்பிலிருந்து ஒரு பெல்ட் கழன்று, தோல் பட்டை கெடாமல், நியூயார்க்கில் ஒரு வீட்டுப் பரணுக்குப் போயிருக்க முடியுமா? முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெல்ட் அரசாங்கச் சொத்து. செத்தவனிடமிருந்து எடுத்தால் ஆயுதக் கிடங்குக்குப் போக வேண்டும், வீட்டுக்கு இல்லை.

பிழைத்தவருடைய கட்டு கனமாக இருந்தது. கடைசி அட்டை, விடுவிப்பு நாள் கணக்கு. அச்சிட்ட படிவத்தில் 'ஆயுதம், உபகரணம் முதலியவற்றுக்காக அரசுக்குத் தரவேண்டியது' என்ற வரிக்கு நேரே சாய்வெழுத்தில் 6 டாலர் என்று எழுதியிருந்தது.

1865 மே 30 அன்று போர்த்துறை ஓர் உத்தரவு போட்டது. வீட்டுக்குப் போகும் சிப்பாய் விரும்பினால் தன் ஆயுதத்தைத் தானே வாங்கிக்கொள்ளலாம். வாள் 3 டாலர், ஸ்பென்சர் கார்பைன் 10 டாலர். தோட்டாப் பெட்டி, பெல்ட் முதலிய சாமான்களோடு சாதாரணத் துப்பாக்கி 6 டாலர். அப்போது சிப்பாயின் மாதச் சம்பளம் 16.

அதாவது அந்த மனிதர் சம்பளத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கொடுத்து, தான் ஏற்கெனவே பெயர் கீறியிருந்த பெல்ட்டை உண்மையிலேயே தன்னுடையது ஆக்கிக்கொண்டார். நிரூபணம் என்று சொல்லமாட்டேன், கோர்ட்டில் நிற்காது. ஆனால் என்னைக் கேட்டால் என் மேசையில் இருப்பது அவருடையதுதான். ஓய்வூதியக் கோப்பையும் வரவழைத்துப் படித்தேன். விவசாயம் பார்த்தார். முட்டிவலிக்காக மூன்று தடவை மனுப் போட்டார், இரண்டு தடவை நிராகரித்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் 'மழைக்காலத்தில் இவரால் ஏர் பிடிக்க முடிவதில்லை' என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் செத்தார். அவருடைய முழுப் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் அதே மாவட்டத்தில் இன்றும் இருப்பது.

போன மாதம் கடைக்காரர் போன் செய்தார். கோல்ட் ஹார்பர் பொருட்களை மட்டும் சேர்ப்பவர் ஒருவர் வந்திருந்தாராம். என் தகட்டை ஞாபகம் வைத்திருக்கிறார்.

"1,400 வரைக்கும் தருவார். உங்களுக்கு 1,200, எனக்கு 200. என்ன சொல்றீங்க?"

மனைவி எதிரே உட்கார்ந்து மகனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். 1,200 டாலர் என்பது அவள் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. நான் இரண்டாவது ஜே. எச். பற்றிச் சொன்னேன். அட்டையைப் பற்றி, ஆறு டாலரைப் பற்றி, முட்டிவலியைப் பற்றிக்கூடச் சொன்னேன். வேண்டுமானால் நகல்களை அனுப்புகிறேன் என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்த ஆள்னா 400தான் போகும்" என்றார்.